பாலமருதூர் மழை

மதராஸிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. பாலமருதூர் தாலுகாவில் மழை நிரந்தரமாகக் குறைந்துவிட்டதா? ஆம் என்றால், எந்த வருஷம் முதல், எவ்வளவு? மராமத்து இலாகாவுக்கு மார்ச் மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும் என்று அடியில் சிவப்பு மையில் கோடிட்டிருந்தார்கள்.

மஹாதேவனுக்கு இதற்குப் பதில் சொல்லப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய அவசியமில்லை. இருபத்தேழு வருஷமாகக் கல்கத்தாவின் மழைக்கணக்கு அலுவலகத்தில் அவர் செய்துவந்த வேலையே இதுதான். தேசத்தில் எந்தத் தாலுகாக் கச்சேரியில் மழை பெய்தாலும் அது ஒரு தாளில் அங்குலமாகவும் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கான சதமாகவும் மாறி அவருடைய மேஜைக்கு வந்து சேரும். அவர் கூட்டிப் பார்த்து, சராசரி எடுத்து, பெரிய புத்தகத்தில் பதிவார். அந்த நூற்றுக்கணக்கான ஊர்களில் பாலமருதூரும் ஒன்று. அவர் பிறந்த ஊர்.

1898 வரை வருஷத்துக்கு முப்பத்தேழு அங்குலம். அதற்கு மேல் பதினான்கு, பதினைந்து. ஒரு வருஷம் பன்னிரண்டு. பதினைந்து வருஷமாக அந்த எண் மேலே எழும்பவே இல்லை.

கடிதத்தின் கடைசிப் பத்தி மருதங்குளத்தைப் பற்றியது. தாலுகாவிலேயே பெரிய குளம். கரை ஓரிடத்தில் தாழ்ந்துவிட்டது, மடைகள் இரண்டும் சிதைந்துவிட்டன. மழையே போய்விட்ட ஊரில் குளத்தைச் செப்பனிடுவது வீண் என்று இன்ஜினீயர் கருதுகிறார். மழைக் குறைவு உறுதியானால் குளத்தைப் பட்டியலிலிருந்து நீக்கி, தண்ணீர் நிற்கும் உள்வாயைப் புஞ்சை நிலமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

'ஆம். 1899 முதல்' என்று மஹாதேவன் வரைவு எழுதி, பதினைந்து வருஷக் கணக்கையும் இணைத்தார். அலுவலகத்தின் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமை கையெழுத்தாகிவிடும்.

பக்கத்து மேஜை ஹரிபத பாபு எட்டிப் பார்த்தார். பிரிவின் தலைமை குமாஸ்தா அவர். பெஹாலாவிலிருந்து தினமும் வெற்றிலைப் பெட்டியோடு வருபவர். யாரையும் வங்காள வழக்கப்படி 'மொஷாய்', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்.

"இது உங்க ஊர்தானே, மொஷாய்?"

"ஆமாம்."

"போச்சா?"

"போச்சு."

"எல்லாம் போச்சு" என்றார் ஹரிபத பாபு, அலுப்போடும் ஒரு திருப்தியோடும். "பெஹாலாவைப் பாருங்க. எங்கப்பா காலத்துல குளத்துல குனிஞ்சா முகம் தெரியும். இப்ப குனிஞ்சா ஜுரம் வருது. ராஜதானியே டில்லிக்கு ஓடிப்போச்சு. அதை விடுங்க, சாந்த்ராகாச்சி சேனைக்கிழங்கு! வெண்ணெய் மாதிரி கரையும். நேத்திக்கு என் மருமகன் ஒண்ணு கொண்டுவந்தான். சாப்பிட்டுட்டு ராத்திரி பூரா தொண்டையைச் சொறிஞ்சுக்க முடியாம கிடந்தேன்."

"உங்க மருமகன் ஒருவேளை வேணும்னே கொண்டுவந்திருப்பார்."

ஹரிபத பாபு சிரித்துவிட்டார். மஹாதேவன் இப்படி ஏதாவது சொல்வது மாதத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். மற்ற நாட்களில் காலை பத்துக்கு வந்து மாலை ஐந்துக்குப் போகும்வரை அவர் குரலை அந்த அறை கேட்டதில்லை.

பாலமருதூரின் இந்தக் கதை அலுவலகத்தில் புதிதல்ல. மேற்கே மலையில் காட்டை வெட்டியதால்தான் மழை போயிற்று என்று துரை ஐந்து வருஷத்துக்கு முன்பே ஒரு கட்டுரை எழுதி அச்சிட்டிருந்தார். அதில் பாலமருதூர் எண்கள் ஒரு தனிப் பக்கம். பக்கத்துத் தாலுகாவில் மட்டும் பழையபடியே மழை பெய்வதற்கும் அதில் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார். மலையின் வளைவு, காற்றின் திசை. படித்தவர்கள் தலையசைத்தார்கள். யாருடைய ஊரைக் கேட்டாலும் பழைய மழை இல்லை என்றுதான் சொன்னார்கள். எண்களும் அதையே சொல்லும்போது சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பவானிப்பூரில் ஒரு சந்துக்குள் மஹாதேவன் இரண்டு அறைகள் வாடகைக்கு வைத்திருந்தார். மனைவி ஜலஜா போனபின் ஒரு அறையே போதும் என்று வீட்டுக்காரர் சொன்னார். அவர் அந்த மாதமும் இரண்டுக்கும் வாடகை கொடுத்தார். அதனால் இரண்டாகவே இருந்தது.

ஜலஜாவும் பாலமருதூர்க்காரிதான். இரண்டு தெரு தள்ளி. கல்யாணமாகி கல்கத்தாவுக்கு வந்து பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினாள். குழந்தை இல்லை. வங்காளம் அவள் வாயில் கடைசிவரை நுழையவில்லை. மீன் வாசனை பழகவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள், சாதம் பரிமாறிக்கொண்டே, "ஊருக்குப் போயிடலாமே" என்பாள். கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை கிடைக்காமலா போகும், கிடைக்காவிட்டால் நிலம் இருக்கிறதே என்பாள். முதலில் எல்லாம் அவர் "பார்க்கலாம்" என்றார். 1899க்குப் பிறகு அவரிடம் ஒரு பதில் இருந்தது. எண்களைச் சொல்வார். பன்னிரண்டு அங்குலம். பதினான்கு அங்குலம். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் போய் என்ன செய்வது? ஜலஜாவுக்கு அங்குலம் புரியாது. ஆனால் அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று பேசாமல் மோரை ஊற்றுவாள்.

ஆறு வருஷத்துக்கு முன் ஜுரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் பட்டாபிராமன் வந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பாலமருதூர் கச்சேரியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து இரண்டு வருஷத்துக்கு முன்தான் பென்ஷன் வாங்கியவர். காசியும் கயையும் முடித்துத் திரும்பும் வழியில் காளிகட்டத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று, ஒரு யாத்திரைக் கூட்டத்தோடு வந்திருந்தார். கூட்டம் சத்திரத்தில் தங்கியது. இவர் மட்டும் கங்கைச் சொம்பும் ஜமக்காளமுமாகச் சந்துக்குள் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னடா இப்படி இளைச்சுப் போயிட்டே? இந்த ஊர்ல அரிசியே கிடைக்காதா?"

"கிடைக்கும். வா, கால் அலம்பிக்கோ."

"இருபது வருஷம் கழிச்சு வந்திருக்கேன். கால் அலம்பிக்கோங்கறான். பேசறதுக்குக் காசு கேக்கறாளா இங்கே?"

மஹாதேவன் சிரித்தார். சிரித்தபின் அந்த முகத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சமையலறைக்குள் போய் அடுப்பை மூட்டினார்.

பட்டாபிராமன் பேசிக்கொண்டே இருந்தார். ஊரில் யார் யார் போய்விட்டார்கள், யார் வீடு யாருக்குப் போயிற்று, மஹாதேவனின் சித்தப்பா பிள்ளைகள் அந்த வீட்டை எப்படி மூன்றாகத் தடுத்துக்கொண்டார்கள். வத்தக்குழம்பைப் பிசைந்தபடி, "ஊர் முன்ன மாதிரி இல்லேடா" என்றார்.

"தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்? இங்க உக்காந்துண்டு."

"மழையே இல்லையே. எனக்குத் தெரியாதா? நீதானே அளந்து அனுப்பினே."

"அதை ஏன் கேக்கறே. அந்தக் காலத்து மழை இப்ப ஏது? ஐப்பசியில பிடிச்சா கார்த்திகைவரைக்கும் விடாது. துணி காயாது. இப்பல்லாம் என்ன பெய்யறது." பட்டாபிராமன் ஒரு அப்பளத்தை நொறுக்கினார். "முந்தா வருஷம் கார்த்திகையில மருதங்குளம் பெருகி மறுகால் பாஞ்சு, கரை தாழ்ந்திருக்கோல்லியோ, அங்க வழிஞ்சு மேலத்தெருவுல இடுப்பளவு தண்ணி. என் பேத்தியைத் தோள்ல தூக்கிண்டு வந்தேன்."

மஹாதேவனின் கரண்டி நின்றது.

"மறுகால் பாஞ்சுதா?"

"வருஷா வருஷம்தான் பாயறது. அதனாலதானே மடை போச்சு."

"முந்தா வருஷம் மொத்தம் பதினாலு அங்குலம்னு தாள்ல இருக்கு. பதினாலு அங்குலத்துல அந்தக் குளம் கால்வாசி நிரம்பாது."

"தாள்ல இருக்கிறது எனக்கென்ன தெரியும்? கிளாஸ்ல எந்தக் கோட்டுல நிக்கறதோ அதை எழுதுவோம். அதுவும் இப்ப அளக்கறவன் புதுப் பையன், எப்படி அளக்கறானோ."

"நீ அளந்தப்பவும் பதினாலுதான்."

"அப்ப அவ்வளவுதான் பெய்திருக்கும்" என்றார் பட்டாபிராமன். தன் வாயாலேயே இரண்டும் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. "மோர் இருக்கோ?"

மஹாதேவன் மோரை ஊற்றினார். பிறகு, வேறு எதையோ கேட்பதுபோல், "நான் ஒரு அளவுக் குவளை அனுப்பினேனே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"மறக்குமா? என் மானத்தைக் காப்பாத்தினே. தாசில்தார் அப்ப பேய் மாதிரி மனுஷன். சர்க்கார் கிளாஸை நான் உடைச்சேன்னு தெரிஞ்சா தொலைச்சிருப்பான். மதராஸுக்கு எழுதினா ஒரு வருஷம், அதுக்குள்ள ஆயிரம் கேள்வி. நீ பதினஞ்சு நாள்ல ஆள் மூலமா அனுப்பிட்டே. இன்னிக்கும் அதுதான் இருக்கு. பழசைவிட உசத்தி."

"எப்படி உசத்தி?"

"பழசு ஒல்லியாச்சேடா. ஒரு மழைக்கு ரெண்டு மூணு தடவை மொண்டு மொண்டு கொட்டணும். நீ அனுப்பினது நல்ல அகலம். எப்பேர்ப்பட்ட மழையா இருந்தாலும் சீக்கிரமா முடிஞ்சுடும். கல்கத்தா சாமான் கல்கத்தா சாமான்தான்னு சொல்லிப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டாபிராமன் யாத்திரைக் கூட்டத்தோடு காளிகட்டத்துக்குக் கிளம்பினார். மஹாதேவன் தலைவலி என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனார். பூட்டியிருந்தது. வாசல் காவலிலிருந்த தர்வானுக்கு அவரைத் தெரியும் என்பதால் கேள்வி கேட்காமல் திறந்துவிட்டான்.

மழைமானி என்பது ஒரு புனல், அதன் அடியில் ஒரு பாத்திரம். பாத்திரத்தில் சேர்ந்த நீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் எத்தனை அங்குலம் என்று தெரியும். தாலுகாக் கச்சேரிகளில் இருப்பது ஐந்து அங்குல வாய் உள்ள புனல். பெரிய நிலையங்களில் எட்டு அங்குலம். இரண்டுக்கும் குவளை வேறு வேறு. ஒன்றுக்குரியதில் மற்றதன் நீரை ஊற்றக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுப்பார்கள்.

சாமான் அறை அலமாரியில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மஹாதேவன் ஐந்து அங்குலத்துக்கான ஒல்லிக் குவளையில் ஐம்பது சதக் கோடு வரை தண்ணீர் பிடித்தார். அதை எட்டு அங்குலத்துக்கான அகலக் குவளையில் ஊற்றினார். குனிந்து, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தார். இருபதைக்கூடத் தொடவில்லை.

மறுபடி செய்தார். மறுபடியும் அதேதான்.

இருப்புப் புத்தகத்தில் 1898 டிசம்பர் பக்கத்தைத் தேடி எடுத்தார். 'அளவுக் குவளை, எட்டு அங்குலம், ஒன்று. உடைந்தது.' கீழே அவருடைய கையெழுத்து. இளம் வயதுக் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் நீண்டிருந்தது. உடைந்ததாகப் பொய் எழுதியது அவருக்கு எப்போதும் நினைவிருந்தது. எட்டு அங்குலம் என்று எழுதியது நினைவில்லை. குவளையை ஊருக்குக் கொண்டுபோகிறவர் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், அலமாரியில் கை போன குவளையை எடுத்துத் துணியில் சுற்றியிருக்கிறார். சொந்த ஊருக்கு ஏதோ செய்கிறோம் என்ற சந்தோஷம் அன்று முழுவதும் இருந்தது. அதுவும் நினைவிருந்தது.

அவர் மேஜைக்குப் போய் பாலமருதூர்ப் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு வருஷத்தையும் இரண்டரைக்குச் சற்று மேல் பெருக்கினார். முப்பத்தேழு. முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. எந்த வருஷமும் ஒன்றும் ஆகவில்லை. எல்லா வருஷமும் எப்போதும்போலப் பெய்திருக்கிறது. 1903க்கு நாற்பது வந்தது. அந்த வருஷம்தான் ஜலஜா மூன்று நாள் விடாமல் கேட்டாள். அவளுடைய தம்பிக்குக் கல்யாணம். "கல்யாணத்துக்காவது போய் நாலு மாசம் இருந்துட்டு வரேனே" என்றாள். கிணறெல்லாம் வறண்டிருக்கும், அம்மை வரும் என்று அவர் தடுத்தார். பதினாறு அங்குலம்கூட இல்லை என்று புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவள் அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

பேனாவைக் கீழே வைத்தார். வெளியே, அலுவலகம் இருந்த அலிப்பூரின் மரங்களில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. அவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தவறான குவளையை எடுத்தது கை. ஆனால் ஒரே வருஷத்தில் பாதிக்கும் கீழே விழுந்த எண்ணைப் பதினைந்து வருஷம் கேள்வி கேட்காமல் பதிந்தது கை அல்ல. மைசூரிலோ ஒரிஸாவிலோ அப்படி ஒரு தாள் வந்திருந்தால், மானியைச் சோதித்துப் பார் என்று அடுத்த தபாலிலேயே எழுதியிருப்பார். எத்தனையோ ஊருக்கு எழுதியிருக்கிறார். பாலமருதூருக்கு எழுதவில்லை. போக வேண்டாத ஊர் அழிந்த ஊராக இருப்பது சௌகரியமாக இருந்தது.

சாயங்காலம் ஹௌராவில் மதராஸ் மெயில் கிளம்ப அரை மணி இருந்தது. பட்டாபிராமன் மூட்டையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். மஹாதேவன் பிளாட்பாரத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். மருதங்குளத்தைப் பற்றி வந்த கடிதத்தையும் சொன்னார்.

பட்டாபிராமன் முதலில் சிரித்தார். "அடப்பாவி! நான் இத்தனை வருஷம் அளந்தது மழையே இல்லையா?" பிறகு சிரிப்பு அடங்கியது. கம்பியருகே முகத்தைக் கொண்டுவந்தார். "இப்ப என்ன பண்ணப் போறே?"

"நாளைக்குத் துரைகிட்டே சொல்லணும்."

"எப்போடா உனக்குப் பென்ஷன்?"

"ஜூன்."

"மூணு மாசம். வாயை மூடிண்டு இரேன். சர்க்கார் சாமானை உடைஞ்சதுன்னு எழுதிட்டு வெளியில அனுப்பினேன்னு உன் வாயாலே சொன்னா, அவன் பென்ஷனைக் குடுப்பானா?"

"சொல்லலேன்னா குளம் போயிடும்."

"போனா என்ன? உள்வாய் மண்ணு நல்ல மண்ணு. எப்படா பிரிப்பான்னு பாதிப் பேர் காத்துண்டிருக்கா. குளம் வேணும்கிறவா எல்லாம் கீழ்க்கரைக் குடியானவா. அவாளுக்கு உன் பேரே தெரியாது. ஊர்லயே உன்னைத் தெரிஞ்சவன்னு இப்ப நான் ஒருத்தன்தான் பாக்கி."

மஹாதேவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கு வரப்போறியா? இல்லையோல்லியோ? அப்பறம் உனக்கென்ன?" பட்டாபிராமன் குரலைத் தாழ்த்தினார். "என் பேரை இழுத்துடாதேடா. ரெண்டாவது பொண்ணுக்கு இப்பதான் வரன் பார்த்துண்டிருக்கேன்."

"இழுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"இழுக்க மாட்டேன்."

மணி அடித்தது. பட்டாபிராமன் கங்கைச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். வண்டி நகர்ந்தபோது மட்டும் கையை வெளியே நீட்டி ஒருமுறை அசைத்தார். அவர் கடிதம் எழுதமாட்டார் என்று மஹாதேவனுக்குத் தோன்றியது.

பாலத்தைக் கடந்து நடந்தே வந்தார். வழியில் ஒரு டிராம் நின்றது, ஏறவில்லை. கும்பலில் பலர் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். இந்த நகரத்தில் வந்து இறங்கிய முதல் வருஷமும் இப்படித்தான் நடந்தார். அப்போது ஊரைப் பற்றி நினைத்துக்கொண்டு நடந்தார். இப்போது நினைப்பதற்கு ஊர் எது என்று தெரியவில்லை. வறண்டுபோனதாக அவர் வைத்திருந்த ஊர் எங்குமே இருந்ததில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஊரோ அவர் இல்லாமலே இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை துரை வரச் சற்று நேரம் இருந்தது. மஹாதேவன் வரைவைக் கிழித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டிருந்தார். ஹரிபத பாபு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்து, முதுகுக்குப் பின்னால் நின்று படித்தார். படித்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பைத்தியமா உங்களுக்கு?"

"எண்கள் தப்பு, ஹரிபத பாபு."

"தப்புன்னா 'எண்கள் சந்தேகத்துக்குரியவை'ன்னு எழுதுங்க. 'குவளை பொருத்தமில்லாததாகத் தெரிகிறது'ன்னு எழுதுங்க. யார் அனுப்பினா, என்னிக்கு அனுப்பினா, இதெல்லாம் எதுக்கு?"

"தேதி இல்லாம எந்த வருஷத்திலேருந்து திருத்தறது? சந்தேகம்னா மதராஸ்லேருந்து விசாரிப்பாங்க, கச்சேரியிலேருந்து பதில் வர ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள குளத்தைப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. 1898 டிசம்பர்ல எட்டு அங்குலக் குவளை போச்சுன்னு யாராவது ஒருத்தர் சாட்சி சொன்னாத்தான் பதினஞ்சு வருஷமும் திரும்பும். அதைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை."

ஹரிபத பாபு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "துரையோட கட்டுரை இருக்கே. காடு, மலை, காத்து."

"ஆமாம்."

"அந்த மனுஷன் உங்களைத் தின்னுடுவார், மொஷாய்."

"ஆமாம்."

துரை படிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் தலைக்கு மேல் கயிறு கட்டி இழுக்கும் பங்கா பல முறை ஆடி முடித்தது. மஹாதேவன் மேஜைக்கு எதிரே நின்றார். இரண்டு குவளைகளையும் இருப்புப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்திருந்தார். துரை தானே தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"யாருக்கு அனுப்பினாய்?"

"கச்சேரிக்கு."

"கச்சேரியில் யாருக்கு?"

மஹாதேவன் பேசாமல் நின்றார். துரை காத்திருந்தார். பேசாமல் நிற்பதில் அந்த அலுவலகத்தில் மஹாதேவனை யாரும் வென்றதில்லை. கடைசியில் துரைதான் அடுத்த கேள்விக்குப் போனார்.

"ஒரு வருஷம் என்றால் பஞ்சம் என்று நினைக்கலாம். அடுத்த வருஷம்? அதற்கடுத்த வருஷம்? உனக்குச் சந்தேகமே வரவில்லையா?"

எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள் என்று பதில் சொல்லியிருக்கலாம். தங்கள் கட்டுரையும் அதைத்தானே சொன்னது என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுமே உண்மை.

"வந்திருக்க வேண்டும். நான் அதை வரவிடவில்லை."

துரை அவரை நிமிர்ந்து பார்த்தார். எரிச்சலா வேறெதுவுமா என்று தெரியவில்லை. இழுப்பறையைத் திறந்து தன் கட்டுரையின் பிரதி ஒன்றை எடுத்துப் பாலமருதூர்ப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பேனாமுனை காகிதத்தைக் கீறிய சத்தம் அறை முழுவதும் கேட்டது.

"திருத்திய கணக்கு இன்றைய தபாலிலேயே போக வேண்டும். நீயே எழுது. காரணம் என்ற இடத்தில் உன் பெயர் வரும். உன் விஷயம் தனி. அது மேலே போகும். பென்ஷனைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை."

"சரி."

பதினைந்து வரிகளையும் மஹாதேவன் நிதானமாக எழுதினார். பழைய எண் ஒரு கட்டத்தில், திருத்திய எண் அடுத்த கட்டத்தில். காரணம்: 1898 டிசம்பரில் ஐந்து அங்குல மானிக்கு எட்டு அங்குலக் குவளை அனுப்பப்பட்டது. 'அனுப்பப்பட்டது' என்பதை அடித்துவிட்டு 'என்னால் அனுப்பப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கேள்விக்கான பதிலை மேலே ஒரே சொல்லில் எழுதினார். இல்லை.

மூன்று மணித் தபாலில் உறை போயிற்று. அறையில் செய்தி பரவியிருக்க வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனவர்கள் அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மஹாதேவன் அடுத்த தாள்கட்டை அவிழ்த்தார். சம்பல்பூர். பிப்ரவரியில் மழை இல்லை.

ஐந்து மணிக்குக் குடையை எடுத்தபோது ஹரிபத பாபு பக்கத்தில் வந்து நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வந்தவர் போலிருந்தது, என்ன சொல்வதென்று தெரியவில்லை போலவும் இருந்தது.

"அப்போ உங்க ஊருக்கு ஒண்ணும் ஆகலை" என்றார் கடைசியில். "நல்ல செய்திதானே, மொஷாய்? அங்கேயே போய் இருக்கலாமே."

மஹாதேவன் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மழை சரியாகத்தான் பெய்திருக்கு, ஹரிபத பாபு" என்றார்.

மஹாதேவன் இன்னும் ஏதாவது சொல்வார் என்று ஹரிபத பாபு சற்று நேரம் காத்திருந்தார். பிறகு தன் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு பெஹாலாவுக்குக் கிளம்பினார்.